குழாயடிப் பாசிக்கு ஒரு குடம் தண்ணீர்

எனக்கு உத்தியோகம் கிடைக்க எந்தப் பெரிய மனிதரும் சிபாரிசு செய்யவில்லை. ஒரு பாசிதான் செய்தது. அதைக் கண்ணுக்குத் தெரியாத பாசி என்று படித்தவர்கள் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். மாதத்துக்கு இரண்டு பேராவது அதில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்போம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு சந்து உள்ளே, எட்டுக் குடித்தனம் அடைந்து கிடந்த ஒரு வீட்டில் நானும் என் மனைவியும் ஓர் அறையில் இருந்தோம். எட்டுக் குடித்தனத்துக்கும் முற்றத்தில் ஒரே குழாய். அதைச் சுற்றி இருந்த மண்தரை வருஷம் முழுக்க நசநசவென்று ஈரமாக, பச்சை பூசிய மாதிரி இருக்கும். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் நான் பாய்லர் பாகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். உலகத்தில் எங்கேயோ வியாபாரம் படுத்துவிட்டதாம். அதனால் ராயபுரத்தில் என் வேலை போயிற்று. “உன் கை சுத்தமான கை” என்று பாராட்டி அனுப்பிவைத்தார்கள். வேலை போன கை சுத்தமாக இருந்தால் என்ன, அழுக்காக இருந்தால் என்ன?

அப்படி நான் வீட்டில் சும்மா குந்தியிருந்த ஓர் ஐப்பசி மாதக் காலையில்தான் அந்தப் புரொபசர் எங்கள் முற்றத்துக்குள் வந்தார். நகரத்துக் கல்லூரி ஒன்றில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பவர். கடலோரக் கற்களில் கடற்பாசி சுரண்டிவிட்டு, மணல் ஒட்டிய காலைக் கழுவக் குழாய் தேடி வந்திருக்கிறார். மேலே கோட்டும் தலைப்பாகையும்; கீழே கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது. குழாயை நோக்கி மூன்று எட்டு வைத்தார். நாலாவது எட்டு வைக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

“ஐயே, சாமி வுயுந்துட்டாரு!” என்று கத்திச் சிரித்தாள் எதிர் அறை மீன்காரம்மா. அதிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுவிட்டு வந்து, அந்தக் குழாயடியில் கூடையைக் கழுவிக் கவிழ்ப்பவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் சிரித்தால் ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

விழுந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. கிடந்தபடியே பையில் கையை விட்டு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, தான் விழுந்த இடத்தையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் செய்த தந்திரம் அது என்றுதான் இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஆனால் ஒரு நிமிஷத்தில் அவர் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்து, “ஒரு கரண்டியும் காகிதமும் கொண்டு வா” என்றார். கரண்டி இருந்தது. காகிதத்துக்கு எங்கே போவேன்? பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த பழைய பாய்லர் படம் ஒன்றைக் கொடுத்தேன். பச்சைச் சேற்றைச் சுரண்டி அதில் மடிக்கப் போனவர், மடிக்காமல் படத்தைப் பார்த்தார்.

“என்னப்பா, இதை யார் வரைந்தது?”

“நான்தான் சார்.”

“இந்த ஆணித் தலைகள் எல்லாம் கையால் போட்டதா?”

“ஆமாம் சார்.”

“வட்டத்தை வட்டமாகப் போடத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் நான் அவருடைய கல்லூரியில் தற்காலிகச் சித்திரக்காரன் ஆனேன். ஆறு மாதத்துக்கு உத்தரவு.

வேலை இதுதான். மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே இருக்கும் பாசியும் பக்கத்தில் இருக்கும் காகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். தெரிவதன் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். பிறகு மையால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். பாய்லருக்கு ஆயிரம் ஆணி போட்டவனுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் பாய்லர் அசையாது. பாசியும் அசையாது என்றுதான் முதல் நாலு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாசி ஒரே ஓர் உருண்டை. கை இல்லை, கால் இல்லை, வேர் இல்லை, இலை இல்லை. ஒரு கடுகின் மேல் கூட்டம் கூட்டமாக உட்கார்த்திவைக்கலாம். வெளியே ஒரு மெல்லிய சுவர். உள்ளே ஒரு பச்சைக் கிண்ணம், ஒரு பக்கம் வாய் திறந்தபடி. கிண்ணத்தின் அடியில் ஒரு பளபளப்பான மணி. அதைச் சுற்றி மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அயோடின் ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் மட்டும் கருநீலமாகிவிடும். வீடு, பாத்திரம், அரிசி என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டிய மூன்றும் அதனிடம் இருந்தன. எங்கள் அறையில் அந்தச் சமயம் முதல் இரண்டும்தான் இருந்தன.

அது பிள்ளை பெறும் முறை இன்னும் வேடிக்கை. கல்யாணம், காட்சி ஒன்றும் கிடையாது. உருண்டை வளர்ந்து ஓர் அளவுக்கு வந்ததும் உள்ளே இருப்பதெல்லாம் இரண்டாகும், நாலாகும், எட்டாகும், பதினாறாகும். தனக்கென்று ஒரு துளி வைத்துக்கொள்ளாது. கடைசியில் சுவர் கிழியும், பிள்ளைகள் வெளியே வரும். தாய் எங்கே என்று தேடினால் ஒரு கிழிந்த தோல் கிடைக்கும். இதை நான் வரைந்துகொண்டு போய் என் மனைவிக்குக் காட்டியபோது, “இதுல அதிசயம் இன்னா கீது? எங்கம்மாவும் அப்டித்தான்” என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

புரொபசரின் கவலை வேறு. இந்தக் குடும்பத்துப் பாசிகளில் சிலவற்றின் பிள்ளைகளுக்கு முன்பக்கம் இரண்டு வால் முளைக்கும். அதைச் சாட்டை மாதிரி வீசி, தண்ணீரில் நீந்தி, வெளிச்சம் இருக்கும் பக்கமாகப் போகும். வேறு சிலவற்றின் பிள்ளைகளுக்கு வாலே கிடையாது. பிறந்த இடத்திலேயே உட்கார்ந்து, அங்கேயே பருத்து, அங்கேயே பெற்றுப்போடும். என் மைத்துனன் ஒருவன் அப்படி இருந்தான். பிள்ளைகள் நீந்தினால் இது ஒரு வம்சம், நீந்தாவிட்டால் வேறு வம்சம். கல்லூரியில் கண்ணாடித் தட்டுகளில் அவர் வளர்த்த பாசியோ நாலு மாதமாக நீந்தாத பிள்ளைகளையே பெற்றுக்கொண்டிருந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, என் தலையெழுத்தை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். “நீந்தும் பிள்ளைகளை நீ படம் போட்டுவிட்டால் கட்டுரை சீமைப் பத்திரிகைக்குப் போகும். அதைக் காட்டி உனக்கு நிரந்தரமாக ஓர் இடம் கேட்பேன், கொடுப்பார்கள். இல்லாவிட்டால் சித்திரையோடு உன் உத்தரவு முடிகிறது. நான் என்ன செய்ய?”

ஆக, என் வீட்டில் உலை கொதிப்பது ஒரு குழாயடி அழுக்கின் பிள்ளைப்பேற்றை நம்பி நின்றது. இப்படி ஒரு நிலைமை துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூட வந்திருக்காது.

பாசி நீந்தாததற்குப் புரொபசர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். கண்ணாடித் தட்டு அதற்குப் பிடிக்கவில்லை; பிறந்த மண்ணிலேயே, இயற்கையான நிலையில், ஒருவரும் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். கல்லூரிக் கடிதம் வந்ததில் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. குழாயடியில் பாதி இடத்தை மூங்கில் நட்டு, கயிறு கட்டி அடைத்தேன். ஒருவரும் மிதிக்கக் கூடாது, பாத்திரம் துலக்கக் கூடாது, தண்ணீர் கொட்டக் கூடாது. இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கைப் பலகையும் வந்தது. எட்டுக் குடித்தனத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அந்த எச்சரிக்கையை நான் தினமும் தவறாமல் படித்துக்கொண்டேன்.

அதோடு நின்றேனா? குழாய் சொட்டும் தண்ணீர் பாசியின் நிம்மதியைக் கெடுக்குமே என்று, பட்டறையில் கற்ற வித்தையை எல்லாம் காட்டி ஒரு தகரத்தை வளைத்து அடித்து, அந்தச் சொட்டையும் வேலிக்கு வெளியே திருப்பிவிட்டேன். அளவெடுத்து, சாய்வு பார்த்துச் செய்த வேலை. ஒரு துளி உள்ளே போகாது. குழாயடி மண்ணுக்கு இயற்கை என்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் கொட்டுகிற தண்ணீர்தான் என்பது அவ்வளவு படித்த அவருக்கும் தோன்றவில்லை. அதே குழாயடியில் பத்து வருஷம் குளித்த எனக்கும் தோன்றவில்லை.

வேலிக்குள் போனது மீன்காரம்மா கூடை கழுவும் இடம். இனி அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடக்க வேண்டும். என்னைப் பார்த்து அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். தினமும் விடிந்ததும் நான் வேலி ஓரமாக உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் எடுப்பேன். அவள் கூடையோடு வெளியே கிளம்புவாள்.

“இன்னா நைனா, பாசி குட்டி போட்டுச்சா?”

முதல் நாள் சிரித்தேன். பத்தாம் நாள் சிரிக்கவில்லை. இருபதாம் நாள் ஏழு குடித்தனமும் அதே கேள்வியைக் கேட்டன.

“உனக்கு இது வெளையாட்டு. எனக்குச் சோறு” என்றேன் அவளிடம்.

“எனக்கும் சோறுதான் நைனா. கூடை நாறுனா எவ மீன் வாங்குவா? குந்திகினு பாத்தா மட்டும் அது குட்டி போடுமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டது நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது.

பங்குனி வெயில் ஏறியது. பாசி பச்சை போய் மஞ்சளாயிற்று. மஞ்சள் போய்ச் செங்கல் நிறமாயிற்று. மண் பாளம் பாளமாக வெடித்தது. கல்லூரியில் வைத்துப் பார்த்தால் உருண்டை எல்லாம் தடித்த சுவரை எழுப்பிக்கொண்டு, உள்ளே சிவப்பு எண்ணெய்த் துளிகளோடு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. பிள்ளையும் கிடையாது, குட்டியும் கிடையாது. பாசி பிரசவத்துக்குத் தயாராகிறது என்றார் புரொபசர். அவர் புரொபசர், சொல்லலாம்.

வேலி கட்டிய இடத்தில் மண் தானாகச் சிவக்கிறது, அதன் எதிரில் ஓர் ஆள் தினமும் விடியற்காலையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான் என்ற செய்தி பக்கத்துச் சந்துகளுக்குப் போயிற்று. ஒருநாள் காலையில் ஓர் அம்மாள் வந்து மூங்கிலுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். அன்று மாலையே மாதா கோயிலிலிருந்து திரும்பிய இன்னொரு அம்மாள், எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டு போனாள். நான் யாரையும் தடுக்கவில்லை. எந்தச் சாமி மனசு வைத்தாலும் எனக்குச் சம்மதம் என்கிற நிலைமைக்கு அப்போது வந்திருந்தேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். விடிந்து பார்க்கிறேன், வேலிக்குள் மண் சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது. ஒரு மூலை மட்டும் மேடாக இருந்ததால் தப்பியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முற்றத்தில் நின்று, “எவ ஊத்துனது?” என்று கத்தினேன்.

மீன்காரம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி வாசலுக்கு வந்தாள். “நான்தான் ஊத்துனேன், நேத்து பொழுது சாயற நேரத்துல. இன்னா இப்போ?”

“மீன் கழுவுன கலீஜ் தண்ணிய ஊத்தி என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே! நீயெல்லாம் ஒரு மனுசியா? உனக்கு இன்னா கெடுதி பண்ணேன்?”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் எழுத இப்போது கை கூசுகிறது. வாய்க்கு வாய் பதில் சொல்லும் அவள் அன்றைக்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பாசி குட்டி போட்டதா என்று அவள் கேட்கவும் இல்லை.

பாசி நாசமான கதையைச் சாட்சியோடு சொல்லிவிடலாம் என்று, அந்த ஊறிய சேற்றையே குப்பியில் எடுத்துக்கொண்டு டிராமில் கல்லூரிக்குப் போனேன். புரொபசர் வருவதற்குள் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

படகு கரை சேரும் நேரத்துக் காசிமேடு மாதிரி இருந்தது. தடித்த சுவர்கள் எல்லாம் கிழிந்து கிடந்தன. அவற்றிலிருந்து பேரிக்காய் வடிவத்தில் பொடிப் பொடியாகப் பச்சைப் பிள்ளைகள் புறப்பட்டு, முட்டி மோதி, ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. முன்பக்கம் ஒரே நீளத்தில் இரண்டு வால். பக்கவாட்டில் கண் மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. சில களைத்துப்போய் ஓரமாக நின்று, வாலை உதிர்த்து, மெல்ல உருண்டையாகிக்கொண்டிருந்தன. நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அழுதேன். அழுதுகொண்டே வரைந்தேன்.

புரொபசர் வந்து பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். “என்ன செய்தாய்?” என்று கேட்டார்.

என்ன சொல்வது? காவல் காக்கச் சொன்ன இடத்தில் எதிர் அறைக்காரி தண்ணீர் கொட்டிவிட்டாள், நான் அப்போது அறையில் படுத்திருந்தேன் என்றா? “நான்தான் சார், ஒரு பரிசோதனையாக இருக்கட்டும் என்று நேற்று மாலை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்” என்றேன்.

“எவ்வளவு?”

“அரைப் படி சார்.”

அவர் எழுதிக்கொண்டார். நான் உளறிய அரைப் படி அப்படியே சாஸ்திரமாயிற்று.

பொய்யில் ஒரு தொல்லை உண்டு. சாஸ்திரக்காரர்கள் அதைத் திரும்பவும் செய்துகாட்டச் சொல்வார்கள். மறுநாள் மாலை அரைப் படி ஊற்றினேன். விடிந்து பார்த்தால் நீந்தும் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதற்கு மறுநாளும் ஊற்றினேன். உருண்டைகள் சௌக்கியமாகப் பச்சை பிடித்து, ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தன. புரொபசர் தாடையைத் தடவினார்.

“சனிக்கிழமை சீமைக்குத் தபால் கப்பல். வெள்ளிக்கிழமை காலை மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு நானே உன் வீட்டுக்கு வருகிறேன். என் கண் முன்னால் ஒருமுறை நீந்தினால் கட்டுரை போகும். இல்லாவிட்டால் போகாது” என்றார். பிறகு, “பாசி பொய் சொல்லாது அப்பா” என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

வியாழக்கிழமை மாலை மீன்காரம்மாவின் அறை வாசலில் போய் நின்றேன். அவள் விற்காத மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“அக்கா, அன்னிக்கு எவ்ளோ தண்ணி ஊத்துனே?”

“இன்னாத்துக்கு? போலீஸ்ல சொல்லப் போறியா?”

“அக்கா, அந்தத் தண்ணியாலதான் அது குட்டி போட்டுச்சு. நான் ஊத்துனா போட மாட்டேங்குது.”

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்; சிரிக்கவில்லை.

“ஒரு கொடம். முழுசா ஒரு கொடம் ஊத்துனேன். அது மீன் கழுவுன தண்ணி இல்ல நைனா, குடிக்கிற தண்ணி. கலீஜ் தண்ணிய ஊத்துவேனா நானு?”

“பின்ன ஏன் ஊத்துனே?”

“பாக்க சகிக்கல, அதான். பச்சப்பசேல்னு கெடந்துது. நீ வேலி கட்டி, தகரம் வச்சு, அது செவந்து வெடிச்சு விக்கிகினு கெடக்குது. நீ தெனம் எதுருல குந்திகினு அத வேடிக்க பாக்குற. நம்ம வூட்டு வாசல்ல ஒண்ணு தாகத்துக்குச் சாவுற நேரத்துல ஒரு வாய் தண்ணி ஊத்த மாட்டமா?”

சித்திரையில் எங்கள் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஆளுக்கு இரண்டு குடம், அதற்கும் விடிவதற்கு முன்பே வரிசை. அந்த இரண்டில் ஒன்றை அவள் பாசிக்குக் கொட்டியிருக்கிறாள். அன்று இரவு குடிக்க என் மனைவியிடம்தான் இரண்டு செம்பு வாங்கிக்கொண்டு போனாளாம். எனக்குத் தெரியாது. நான் பாசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இப்போ ஏன் போட மாட்டேங்குது?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு காஞ்சி கெடந்துது, தண்ணிய கண்டதும் ஓடுச்சு. இப்போதான் ஈரமா கீதே, அதுக்கு இன்னா அவசரம்?”

ஆறு மாதமாகப் புரொபசரும் நானும் சீமைப் புத்தகங்களும் சேர்ந்து கண்டுபிடிக்காததை, மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டாள். எனக்கு அந்த மேட்டு மூலை ஞாபகம் வந்தது. அங்கே மட்டும் மண் இன்னும் சிவந்து காய்ந்து கிடந்தது. சொன்னேன். அவள் எழுந்து, கையைக் கழுவி, அறைக்குள் போய்த் தன் குடத்தைத் தூக்கிவந்தாள். எங்கள் வீட்டில் அன்று அரைக் குடம்கூட இல்லை. மேட்டைச் சுற்றி மண்ணால் சின்ன வரப்புக் கட்டினேன். அவள் குனிந்து, மண் கரையாமல், மெதுவாக ஒரு குடத்தையும் ஊற்றினாள்.

“போடட்டும், பாக்கலாம்” என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புரொபசர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். இந்தத் தடவை ஒவ்வோர் எட்டாகப் பார்த்து வைத்தார். மைக்ராஸ்கோப்பை வைக்க எங்களிடம் மேஜை ஏது? மீன்காரம்மா தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, மீன் கூடைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் கண்ணை வைத்தார். எட்டுக் குடித்தனமும் சுற்றி நின்றது.

ரொம்ப நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினார். “நீந்துகிறது” என்றார்.

“நானும் பாக்கறேன் சாமி” என்றாள் மீன்காரம்மா. அவள் கேட்டது காதில் விழாதவர் போல, அவர் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். “முதலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு ஒரு குடம் ஊற்றினேன் சார். அரைப் படி என்றது என் ஞாபகப் பிசகு” என்று நான் சொன்னேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்கும். கூடையை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டுரை கப்பல் ஏறியது. ஆனி மாதம் என் உத்தரவு நிரந்தரமாயிற்று. வேலி போயிற்று, தகரமும் போயிற்று. மீன்காரம்மா பழைய இடத்திலேயே கூடை கழுவினாள், பாசியும் பழையபடி பச்சையாகி ஆட்களைத் தள்ளிவிட்டது. மறு வருஷம் அச்சடித்த கட்டுரை சீமையிலிருந்து வந்தது. பாசிக்குப் பெயர் வைத்திருந்தார்கள், ராயபுரத்தை எந்தத் திசையில் தேடுவது என்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பண்டிதரின் பெயரை. நன்றி என்று ஒரு பத்தி இருந்தது; அதில் கல்லூரித் தலைவர் முதல் புத்தகசாலைக்காரர் வரை எல்லாரும் இருந்தார்கள். என் படங்கள் இரண்டு முழுப் பக்கம் வந்திருந்தன, ஒரு புள்ளிகூடப் பிசகாமல். என் பெயரை நாலு தடவை தேடினேன். அதைத்தான் காணோம்.

கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் நின்று என் மனைவியிடம் கத்தினேன். “ஆறு மாசம் கண்ணு பூத்துப் போக வரைஞ்சேன்! அந்த ஆளு தானே எல்லாம் பண்ண மாதிரி எழுதிக்கிறாரு! ஒரு வரி, ஒரே ஒரு வரி என் பேரைப் போட்டா இவருக்கு இன்னா கொறைஞ்சு போவுது? இவரெல்லாம் படிச்சவரா?”

குழாயடியில் கூடை தேய்த்துக்கொண்டிருந்த மீன்காரம்மா நிமிர்ந்தாள்.

“அதுல என் பேரு இருக்குதான்னு பாரு நைனா.”

நான் கட்டுரையை மறுபடி பிரிக்கப் போனேன்.

“தண்ணி ஊத்துனது நானுன்னு அவருகிட்ட சொன்னியா, இல்லியா?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். கையில் இருந்த கட்டுரையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“சரி, வுடு” என்றாள் மீன்காரம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “அப்போ என் ரெண்டு கொடத்த ரொப்பிக் குடுத்துடு.”

மறுநாள் விடிவதற்கு முன்பே அவளுடைய இரண்டு குடத்தோடு பெண்கள் வரிசையில் போய் நின்றேன். பாசி குட்டி போட்டதா என்று வரிசை முழுக்கக் கேட்டுச் சிரித்தது. நிரப்பிக்கொண்டு போய் அவள் அறை வாசலில் வைத்தேன். அந்த உத்தியோகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். புரொபசரிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.